அன்று ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்தவர்களையும் கேளுங்கள்

பெர்க்லி பான்கிராஃப்ட் நூலகத்தின் வாய்மொழி வரலாற்று மையத்தினருக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தினருக்கும் வணக்கம்.

ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். 1982 நவம்பர் 20, சனிக்கிழமை, பெர்க்லி மெமோரியல் ஸ்டேடியத்தில் உங்கள் இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே 85ஆவது பிக் கேம் நடந்தது. அதைப் பார்க்க வந்திருந்தவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அன்று எதைப் பார்த்தார்கள், எதைக் கேட்டார்கள், எப்போது எழுந்து போனார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால் இரண்டு வேறு ஆட்டங்கள்தான் பதிவாகும்.

தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்க வேண்டாம். பெர்க்லியில் பல பத்தாண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். நூலகத்திலிருந்து கொஞ்சதூரம் நடந்தால் படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும். ஸ்டான்ஃபோர்டுகாரர்கள் வேண்டுமானால் பெர்க்லிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். வருடத்தில் ஒரு நாளாவது இரு தரப்பும் சண்டையில்லாமல் பேசியது மாதிரி இருக்கும். தமிழில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. அது பிறகு வரும்.

இந்த ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கப்போகும் தமிழர்களில் பாதிப் பேருக்கு அமெரிக்க ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவது, அவ்வளவுதான். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் ஒரு கரையில் பெர்க்லி, அரசுப் பல்கலைக்கழகம். கலிஃபோர்னியா என்பதைச் சுருக்கி 'கால்' (Cal) என்றும் சொல்வார்கள். மறுகரையில் ஸ்டான்ஃபோர்டு, தனியார். இரண்டும் முதன்முதலில் மோதியது 1892இல், சான் ஃபிரான்சிஸ்கோவில். அன்று ஸ்டான்ஃபோர்டு அணியின் நிர்வாகம் ஹெர்பர்ட் ஹூவர் என்ற மாணவரிடம் இருந்தது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு இரு தரப்பும் பந்தைக் கொண்டுவர மறந்துவிட்டதாகச் சொல்வார்கள். ஜெயிப்பவர்களுக்குக் கொடுக்கும் பரிசு ஒரு கோடரி. 1899இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குக் கொண்டுவந்து வெறுப்பேற்றிய கோடரி அது. பெர்க்லி மாணவர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் அவர்களிடமே இருந்தது. 1930இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து 21 பேர் கிளம்பிப்போய் அதைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இது இப்படியே போனால் யாருக்காவது அடிபடும் என்று 1933இல் அதையே வெற்றிக் கோப்பையாக ஆக்கிவிட்டார்கள். படித்தவர்கள் செய்கிற வேலைதான் எல்லாம்.

சரி, 1982. ஸ்டான்ஃபோர்டின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், ஜான் எல்வே. அடுத்த வருடம் தொழில்முறை அணிகளுக்கான தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அன்று அவருக்கு இது கடைசிக் கல்லூரி ஆட்டம் ஆகாமலும் இருந்திருக்கலாம், ஏனென்றால் ஜெயித்தால் ஸ்டான்ஃபோர்டுக்கு ஹால் ஆஃப் ஃபேம் பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்துக்கு அழைப்பு காத்திருந்தது. பெர்க்லியின் பயிற்சியாளர் ஜோ காப். அதே கல்லூரியில் விளையாடி, 1959இல் அணியை ரோஸ் பவுல் என்ற பேர்பெற்ற சீசன் முடிவு ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனவர். பயிற்சியாளராக அவருக்கு அது முதல் வருடம்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. பெர்க்லி 19, ஸ்டான்ஃபோர்டு 17. ஸ்டான்ஃபோர்டு தன் சொந்த 13 யார்டு கோட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. நான்காவது முயற்சி, அதுதான் கடைசி; பந்தைக் கையில் வைத்துக்கொள்ள 17 யார்டு முன்னேற வேண்டும். தோற்றுப்போய்விட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எல்வே பந்தை எறிந்தார், 29 யார்டு போனது, எமில் ஹாரி பிடித்தார். அங்கிருந்து முன்னேறி, எட்டு நொடி மிச்சம் இருக்கும்போது எல்வே டைம்-அவுட் கேட்டார். மார்க் ஹார்மன் 35 யார்டு தூரத்திலிருந்து ஃபீல்டு கோல் உதைத்தார், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி. ஸ்டான்ஃபோர்டு 20, பெர்க்லி 19. கடிகாரத்தில் நான்கு நொடி.

அந்த நான்கு நொடிதான் எல்லாக் கதைக்கும் காரணம். எல்வே இன்னும் நாலு நொடி தாமதித்து டைம்-அவுட் கேட்டிருந்தால் ஃபீல்டு கோலோடு ஆட்டம் முடிந்திருக்கும். ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து ஆடாமல் இருந்திருந்தால் 15 யார்டு அபராதம் விழுந்திருக்காது. ஆட்டத்தை மறுபடி தொடங்க எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுக்கும் கிக்காஃபை அவ்வளவு பின்னால், தங்கள் 25 யார்டு கோட்டிலிருந்து உதைக்க வேண்டிவந்திருக்காது. ஹார்மன் பந்தைத் தரையோடு உருளவிட்டார். கெவின் மோன் எடுத்தார், ரிச்சர்ட் ரோஜர்ஸிடம் பின்னால் தள்ளினார். ரோஜர்ஸ் டுவைட் கார்னரிடம். கார்னரை ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் மொத்தமாகச் சூழ்ந்து அமுக்கினார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து பந்து திரும்ப ரோஜர்ஸிடம் வந்தது. ரோஜர்ஸ் மேரியட் ஃபோர்டிடம். ஃபோர்டு திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேல் பின்னால் வீச, மோன் பிடித்தார். மொத்தம் ஐந்து கைமாற்று. முன்னால் எறிந்தால்தான் தப்பு. பக்கவாட்டிலும் பின்னாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம். காப் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி என்ற பேரில் பந்தைக் கைமாற்றி ஓடும் விளையாட்டு ஒன்றை அவர்களுக்கு வைப்பதுண்டு. அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

இதற்குள் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்தும்வரை ஆட்டம் நிற்காது. ஆட்டம் முடிந்தது, நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த ஸ்டான்ஃபோர்டு பேண்டு வாத்தியக்காரர்கள், மொத்தம் 144 பேர், மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள். மோன் அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி (இதுதான் டச்டவுன், ஆறு புள்ளி), டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்த கேரி டைரல் மேல் போய் விழுந்தார். பெர்க்லி 25, ஸ்டான்ஃபோர்டு 20.

இதைத்தான் ஊரெல்லாம் தி ப்ளே என்கிறார்கள். இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கிழக்கு வளைகுடாப் பகுதியில் ஒரு முதியோர் பகல்நேர மையத்தில் வேலை செய்கிறேன். காலையில் வருவார்கள், சாப்பிடுவார்கள், சீட்டு ஆடுவார்கள், கொஞ்சம் உடற்பயிற்சி, சாயங்காலம் பிள்ளைகள் வந்து கூட்டிப்போவார்கள். நவம்பர் வந்தால் இந்த ஆட்டம் பேச்சில் வந்துவிடும். நான் பெர்க்லியும் இல்லை, ஸ்டான்ஃபோர்டும் இல்லை. அதனால் இரண்டு கட்சியும் என்னிடம் வந்து கொட்டுவார்கள். வருடக்கணக்காகக் கேட்டதில் எனக்குப் புரிந்தது, ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போவதே இல்லை என்பதுதான்.

அதிலும் நான் எதிர்பார்க்காதது, பலரும் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு அம்மா, வருங்காலக் கணவரோடு போயிருக்கிறார். ஃபீல்டு கோல் விழுந்ததும் முன் வரிசை முழுக்க எழுந்துவிட்டது. இவர் குள்ளம். அந்தக் கடைசி ஓட்டம் முழுவதிலும் தான் பார்த்தது ஒரு நீல நிறக் கம்பளிச் சட்டையின் முதுகு மட்டும்தான் என்கிறார். அந்தச் சட்டையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்ததுகூட நினைவிருக்கிறது. மோன் ஓடியது நினைவில்லை, ஏனென்றால் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய கணவர், அவர் பக்கத்திலேயே நின்றவர், இருவரும் சேர்ந்து பார்த்தோம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். "அவர் ஆசைக்கு விட்டுவிட்டேன்" என்றார் அந்த அம்மா.

இன்னொருவர் பெர்க்லி பழைய மாணவர். ஃபீல்டு கோலைப் பார்த்ததும் வெறுத்துப்போய் எழுந்து வெளியே வந்துவிட்டார். பான்கிராஃப்ட் தெருவில் இறங்கி நடந்துகொண்டிருக்கும்போது பீரங்கிச் சத்தம் கேட்டது. ஸ்டேடியத்துக்கு மேலே டைட்வாட் மலைச்சரிவில் பெர்க்லிக்காரர்கள் ஒரு பீரங்கி வைத்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும்போது வெடிப்பார்கள்; அப்புறம் பெர்க்லி புள்ளி எடுத்தாலோ ஜெயித்தாலோதான் அது வெடிக்கும். ஆட்டம் முடிந்தபிறகு இது ஏன் வெடிக்கிறது, எந்தப் பைத்தியக்காரன் வேலை என்று நின்றாராம். அவரோடு அந்தத் தெருவில் கிட்டத்தட்ட ஐம்பது பேர் அப்படியே நின்றார்களாம். திரும்பி ஓடுவதா, வீட்டுக்குப் போவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் இன்றுவரை மனைவியைத் தவிர யாரிடமும் இதை ஒழுங்காகச் சொன்னதில்லை. கேட்பவர்களிடம் எல்லாம் "ஆமாம், இருந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இருந்தார்தான், பொய் இல்லை.

அந்த மலைச்சரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிக்கெட் வாங்காமல் மேலிருந்து ஆட்டம் பார்ப்பவர்கள் உட்காரும் இடம் அது. பெயரே கஞ்சன் குன்று என்கிற மாதிரிதான். உங்கள் டிக்கெட் கணக்கில் அவர்கள் இல்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன், மேலிருந்து பார்த்ததால். எங்கள் மையத்துக்கு வரும் ஒரு பெரியவர் அங்கே இருந்தவர். ஐந்து கைமாற்றும் அவருக்கு ஒரு கோலம் போடுவது போலத் தெரிந்ததாம் (அவர் வார்த்தை வேறு; விரலால் மேசையில் புள்ளி வைத்து வளைத்துக் காட்டினார், எனக்குக் கோலம்தான் தோன்றியது). பேண்டு உள்ளே வந்தது மட்டும் அவருக்குத் தனியாக நினைவில்லை. மேலிருந்து பார்க்கும்போது எல்லாமே சிவப்புக் கூட்டம்.

ரேடியோ கதை இதைவிடச் சிக்கலானது. கேஜிஓ வானொலியில் ஜோ ஸ்டார்கி வர்ணனை. பேண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டது என்று அவர் அலறிய வரி அமெரிக்க விளையாட்டு வர்ணனையிலேயே பேர்பெற்றது. பிறகு நடுவர்கள் கூடிப் பேசும்வரை அவரும் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் தவித்து, டச்டவுன் என்று உறுதியானதும் வார்த்தைமேல் வார்த்தை அடுக்கித் தீர்த்தார். இப்போது யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்: அந்தக் குரலைக் கேட்டேன் என்பார்கள். ஸ்டேடியத்துக்குள் இருந்தவர்களும் சொல்வார்கள். டிரான்சிஸ்டர் கொண்டுபோனவர்கள் கேட்டிருப்பார்கள், உண்மை. மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டது? 75,000 பேர் கத்தும்போது காதில் என்ன விழும்? பிற்காலத்தில் வீடியோவோடு அந்தக் குரலைச் சேர்த்துச் சேர்த்துக் கேட்டு, அதுவும் அன்றைய நினைவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அதனால்தான் உங்களிடம் ஒரு நிபந்தனையாகவே கேட்கிறேன். பேட்டி எடுக்கும்போது வீடியோவை முதலில் போட்டுக் காட்டாதீர்கள். எங்கே உட்கார்ந்தீர்கள், எதிரில் யார் நின்றார், என்ன சாப்பிட்டீர்கள், வெயிலா குளிரா, முடிந்ததும் எப்படி வீடு போனீர்கள் என்று கேளுங்கள். கடைசி நிமிடத்தை அவர்களாகவே சொல்லட்டும். அப்புறம் வீடியோவைக் காட்டி, இப்போது என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் எடுக்க வருகிற பத்திரிகைக்காரர்களுக்கு முதல் பாதி சப்பென்று இருக்கும். இருக்கட்டும்.

வீரர்களின் பக்கம் குறைவில்லை. மோன், ரோஜர்ஸ், எல்வே, ஹார்மன், நடுவர் சார்ல்ஸ் மாஃபெட் என்று எல்லோரும் எத்தனையோ முறை பேசிவிட்டார்கள். டைரலின் நசுங்கிய டிராம்போன்கூடக் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போய்விட்டது. மோனும் டைரலும் பிறகு நண்பர்களாகவே ஆகி, பல மேடைகளில் ஒன்றாகத் தோன்றினார்கள். அவர்கள் கதை பத்திரமாக இருக்கிறது. அதனால் அவர்களைத் திரும்பவும் தேடிப்போக வேண்டாம் என்பதே என் கோரிக்கையின் பாதி. பேண்டில் டைரலைத் தவிர 143 பேர் இருந்தார்களே, அவர்கள்? மோன் தங்களைத் தாண்டி ஓடியபோது ஏதோ எதிர் அணிக்காரன் கோபத்தில் ஓடுகிறான் என்று நினைத்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் மையத்துக்கு ஒருவரின் தங்கை வருகிறார். அண்ணன் அந்தக் குழுவில் ஊதியவர். ஹோட்டலிலோ கல்யாணத்திலோ யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம். நாங்கள் உள்ளே வந்ததால்தான் தோற்றோம் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்களே என்ற வருத்தம். விதிப்படி பார்த்தால் மைதானத்துக்குள் வந்த குற்றம் ஸ்டான்ஃபோர்டு பக்கத்துக்குத்தான். அந்த டச்டவுனை அதற்காக ரத்து செய்ய முடியாது. நடுவர்கள் வீசிய அபராதக் கொடிகளும் அவர்களுக்கு எதிராகத்தான் விழுந்தன. ஆனாலும் பழி முழுக்க பேண்டின் தலையில். ஹார்மன் உதைத்தபிறகு ஓடிவந்து ஆடியவர்கள் பேரை யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் ஒரு பக்கச் சார்பு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்: பாவம், வாத்தியம் ஊத வந்தவர்கள்.

இனி அந்தப் பழைய சண்டை. கார்னரின் முழங்கால் தரையைத் தொட்டதா? தொட்டிருந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது, ஸ்டான்ஃபோர்டு வெற்றி. ஃபோர்டு வீசிய ஐந்தாவது கைமாற்று முன்னால் போனதா? மாஃபெட் சக நடுவர்களைக் கூப்பிட்டு, கைமாற்று எல்லாம் சரிதானா, யாராவது விசில் ஊதினீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் டச்டவுன் என்று இரண்டு கையையும் மேலே தூக்கினார். அன்று வீடியோவைத் திருப்பிப் பார்த்து முடிவு சொல்லும் வழக்கம் கல்லூரி ஆட்டத்தில் கிடையாது. அது வந்தது 2000-களின் நடுவில். இருந்திருந்தாலும் பயனில்லை என்றே நினைக்கிறேன். கார்னர் அந்தக் குவியலுக்குள் போன நொடியில் வீடியோவில் தெரிவது மற்றவர்களின் உடம்புதான்.

இதில் உங்கள் இரு தரப்பும் நடந்துகொள்ளும் விதம் வேடிக்கை. கோடரியின் பலகையில் ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளியும் பொறித்திருக்கிறது. கோடரி பெர்க்லியில் இருந்தால் 1982க்கு எதிரே 25-20. ஸ்டான்ஃபோர்டுக்குப் போனால் அங்கே மாணவர்கள் அதை 20-19 என்று மாற்றிவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் இவர்கள் மறுபடி மாற்றுகிறார்கள். மாணவர்கள் செய்யட்டும், நன்றாகவே இருக்கிறது. ஆவணக்காப்பகத்தாரும் அதே வழியில் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை. பெர்க்லி சேகரித்தால் பெர்க்லி ரசிகர்களின் கொண்டாட்டமாக முடியும். ஸ்டான்ஃபோர்டு சேகரித்தால் முழங்கால் விசாரணையாக முடியும். ஒரே கேள்விப் பட்டியல், ஒரே இடத்தில் பிரதி, இருவர் பெயரிலும். தோற்றவர்கள் நினைவு வைத்திருப்பது வேறு தினுசு. எங்களிடம் வரும் ஸ்டான்ஃபோர்டு பெரியவர் ஒருவருக்கு மோன் ஓட்டத்தைவிட எல்வேயின் அந்த 29 யார்டுதான் முக்கியம். "அதைப் பார்த்தேன், போதும்" என்பார். அது கணக்கில் இல்லாமல் போனது அவருக்குத் தாங்கவில்லை. அன்று நடுவர்கள் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் ஊர் முழுக்க அந்த எறிதலைப் பற்றித்தான் இன்றைக்கும் பேசியிருக்கும் என்கிறார். நியாயம்தானே? எல்வேக்கு அதோடு கல்லூரி வாழ்க்கை முடிந்தது. ஒரு பவுல் ஆட்டம்கூட ஆடாமலே போனார். 5 வெற்றி, 6 தோல்வி என்று அந்த அணியின் வருடமும் முடிந்தது.

இப்போது நான் தமிழில் எழுதும் காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் மையத்துக்கு ஒரு தமிழ்ப் பெரியவர் வருகிறார். 1982இல் பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவர். பொறியியல். அந்த நாளில் அவர் ஸ்டேடியத்துக்குப் போகவில்லை. டிக்கெட்டுக்குக் காசும் இல்லை, ஆட்டத்தில் ஆசையும் இல்லை. அறையில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தார். மலைப்பக்கமிருந்து ஒரு இரைச்சல், பீரங்கி, மறுபடி இரைச்சல். அந்த ஸ்டேடியத்துக்கு நேர் கீழே ஹேவர்டு நிலப்பிளவு போகிறது. நிலநடுக்கமோ என்று வாசற்படிக்கு ஓடினார். அப்படித்தான் செய்யச் சொல்லி வந்த புதிதில் யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

அது இருக்கட்டும். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அடுத்த வாரக் கதை. நாலு நாள் கழித்து, பெர்க்லி மாணவர் பத்திரிகையான டெய்லி கலிஃபோர்னியன் வளாகத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால், கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ. தீர்ப்பை மாற்றி வெற்றியை ஸ்டான்ஃபோர்டுக்குக் கொடுத்துவிட்டது என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்துச் செய்தி. அதை அச்சடித்தது ஸ்டான்ஃபோர்டு மாணவர் பத்திரிகைக்காரர்கள் என்று உங்களுக்குத் தெரியும். நம் ஆளுக்குத் தெரியாது. அமெரிக்காவில் பத்திரிகையில் வந்தால் உண்மைதானே என்று நம்பி, ஆய்வகத்தில் இருந்த பெர்க்லி ரசிகர்கள் இருவரிடம் வருத்தம் தெரிவிக்கப் போயிருக்கிறார். அவர்களும் அதைப் பார்த்துவிட்டு வெளிறிப்போய்விட்டார்கள். ஒருவர் நாற்காலியை உதைத்தாராம். மத்தியானம் வரைக்கும் அந்த அறையில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு யாரோ வந்து சிரித்து உண்மையைச் சொன்னதும், பழி முழுக்க இவர் மேல் விழுந்தது. அதற்குப்பின் அங்கே இருந்த மிச்ச வருடங்கள் முழுக்க, என்ன செய்தி சொன்னாலும் "எந்தப் பத்திரிகையில் படித்தாய்?" என்ற கேள்வி.

அவர் இந்த ஆட்டத்தை ஒரு நொடிகூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாரம் பெர்க்லி எப்படி இருந்தது என்று அவர் சொல்கிற மாதிரி வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று அங்கே இருந்த வெளிநாட்டு மாணவர்கள் அவரை மாதிரி எத்தனை பேர்? சமையலறையில், காவலில், பார்க்கிங்கில், கடையில் வேலை செய்தவர்கள்? ரசிகர் என்றால் சட்டையில் பெர்க்லியின் கரடியோ ஸ்டான்ஃபோர்டின் மரமோ அச்சடித்தவர் மட்டும்தானா? நீங்கள் தேடும்போது பழைய மாணவர் சங்கத்தின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் இவர்கள் யாரும் வரமாட்டார்கள். இவரிடம் ஆங்கிலத்தில் கேட்டால் ஐந்து வாக்கியத்தில் முடித்துவிடுவார். தமிழில் கேட்டால் அரை நாள். உங்களிடம் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒருவரை அனுப்புங்கள்.

அவசரம் ஏன் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜோ காப் தனக்கு அல்சைமர் இருப்பதை 2016இல் வெளியே சொன்னார். 2023 மே மாதம் காலமானார். ஸ்டார்கி 2022 சீசனோடு மைக்கை வைத்துவிட்டார். அன்று 20 வயது மாணவராக இருந்தவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைக் கூட்டிப்போன அப்பா அம்மாக்கள் என்ன ஆனார்கள் என்று எங்களைப் போன்ற மையங்களில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். போன வருடம் நன்றாகச் சொன்னவர் இந்த வருடம் ரோஜர்ஸையும் கார்னரையும் மாற்றிச் சொல்கிறார். இன்னொருவர் இரண்டு வேறு வருட ஆட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார். அதையும் அப்படியே பதிவு செய்யுங்கள், திருத்தாதீர்கள்.

இந்தப் போட்டிகள் என்றைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையும் முன்பு போல இல்லை. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் வருடாவருடம் மோதிவந்த பெட்லம் ஆட்டம் 2023ஓடு நின்றுபோனது. லீக் மாறினார்கள், அவ்வளவுதான். உங்கள் பழைய லீக்கும் கலைந்து, 2024இலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பசிபிக் கரையில் உட்கார்ந்துகொண்டு அட்லாண்டிக் கரை லீக்கில் ஆடுகிறீர்கள். பெயரிலேயே அட்லாண்டிக் என்று இருக்கிறது! நல்லவேளை, சேர்ந்தே போனீர்கள். பிக் கேம் தப்பித்தது. 2012இல் அட்டவணைக்காக அதை அக்டோபருக்குத் தள்ளியபோது எங்கள் பெரியவர்கள் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. நன்றி சொல்லும் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை என்று வாழ்நாள் முழுக்கப் பழகியவர்கள். நவம்பர் வந்தும் ஆட்டம் இல்லாமல் என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிச்சுற்றி வந்தார்கள். காட்டுத்தீயின் புகையால் 2018இல் தள்ளிப்போட்டபோதோ ஒருவரும் முணுமுணுக்கவில்லை. 1963இல் கென்னடி கொல்லப்பட்டதற்காக ஒரு வாரம் தள்ளிப்போட்டதைச் சொல்லி, காரணம் இருந்தால் சரி என்றார்கள். தொலைக்காட்சிக்காரர்களின் நேர அட்டவணை அவர்களுக்குக் காரணமாகப் படவில்லை. இதெல்லாம்கூட உங்கள் பதிவில் வரவேண்டிய விஷயம்தான்; ஆட்டம் பற்றிய நினைவு அந்த ஒரு நாளோடு நிற்பதில்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். பெரிய செலவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஒலிப்பதிவுக் கருவி, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த இரண்டு மாணவர்கள். ஒருவர் பெர்க்லி, ஒருவர் ஸ்டான்ஃபோர்டு. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார். பெர்க்லிக்காரரிடம் ஸ்டான்ஃபோர்டு மாணவரும் ஸ்டான்ஃபோர்டுகாரரிடம் பெர்க்லி மாணவரும் கேட்டால் இன்னும் நல்லது. தன் பக்கத்து ஆளிடம் யாரும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை. எதிர்ப்பக்கத்து ஆள் கேட்டால்தான் ஒன்றுவிடாமல் சொல்வார்கள்.

வீட்டில் பெட்டிக்குள் கிடக்கும் டிக்கெட் அடி, நிகழ்ச்சி மலர், கைக்கேமராவில் எடுத்த மங்கலான படங்கள், அந்தப் போலிப் பத்திரிகையின் பிரதி, எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், ஸ்கேன் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஒருமுறை இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று வந்த ஒருவர் எங்கள் ஆள் ஒருவரிடமிருந்து டிக்கெட் அடியை வாங்கிப்போனார், திரும்பி வரவில்லை. அந்தப் பெரியவர் அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரவர் சொன்னதன் ஒலிப்பதிவில் ஒரு பிரதியைக் குடும்பத்துக்கும் கொடுங்கள். பெயர் வேண்டாம் என்பவர்களுக்குப் பெயர் வேண்டாம். சீக்கிரமே எழுந்து போனவர்களில் பலர் அப்படித்தான் கேட்பார்கள்.

எங்கள் மையத்தில் இருந்து தொடங்குவதானால் நிர்வாகத்திடம் நான் பேசிவிட்டேன், ஆட்சேபம் இல்லை. பின்பக்கத்து அறை காலியாகத்தான் இருக்கிறது. பத்து மணிக்கு வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் சீட்டுக் கட்டைக் கீழே வைக்கமாட்டார்கள். நவம்பர் மூன்றாவது வாரம் மட்டும் வேண்டாம். அந்த வாரம் யாரும் யார் சொல்வதையும் காதில் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
கிழக்கு வளைகுடாவிலிருந்து ஒரு மையப் பணியாளர்